பரம்பரை வியாதி

தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு தண்ணீர் கேன்களை ஒரே நடையில் மாடிக்கு ஏற்றிவிடுகிற உடம்புதான் நாகேந்திரனுக்கு. ஆனால் விஜய் விடமாட்டான். பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாகேந்திரன் முதல் படியில் கால் வைத்ததும், குட்டியானை வண்டியின் மேலிருந்து விஜய் கத்தினான்.

"மாப்ள, ஒண்ணொண்ணா எட்துகினு போ. காலைல மாத்திர போட்டியா?"

கீழ்வீட்டுப் பெண்மணி காலி கேனோடு வாசலில் நின்றிருந்தாள். மாத்திரை என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. நாகேந்திரனை ஏற இறங்கப் பார்த்தாள். காலி கேனை அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கறையில் கேட்கிறானா, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று கேட்கிறானா என்பது நாகேந்திரனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. விஜய் அவன் மனைவி ஷர்மிளாவின் அண்ணன். அதற்கு முன்பே சிநேகிதன். இருவரும் ஒன்றாகத்தான் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போனார்கள். ஓட்டத்தில் இருவருமே தேறினார்கள். பாதம் தட்டையாக இருக்கிறது என்று விஜய்யைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாகேந்திரன் ராணுவ லாரி ஓட்டப் போனான். இப்போது விஜய் வண்டி ஓட்டுகிறான், நாகேந்திரன் கேன் தூக்குகிறான். வலிப்பு வருகிறவனுக்கு லைசென்ஸ் கிடையாது.

வலிப்பு அவனோடு பிறந்ததல்ல. மலைப்பாதையில் ஒருநாள் லாரியின் பிரேக் பிடிக்காமல் வண்டி சரிவில் இறங்கிப் பாறையில் மோதியது. பிரேக் சரியில்லை என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். தலையில் தையல் போட்டுப் படுக்கவைத்தார்கள். விபத்து என்று எழுதினால் விசாரணை வரும், உனக்கும் தண்டனை எனக்கும் தண்டனை, குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு என்றார் சுபேதார். அவன் சரி என்றான். அவர் நல்ல மனிதர், லீவு கேட்டால் கொடுப்பார். சில மாதம் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு விழுந்து கைகால் இழுத்துக்கொண்டது. அப்புறம் மறுபடியும், மறுபடியும். மருத்துவக் குழு கூடியது. பணிக்குத் தகுதியில்லை, இது பரம்பரை வியாதி, ராணுவ வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதனால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது, ராணுவ மருத்துவமனையில் மாத்திரையும் கிடையாது.

வழக்கு போட்டிருந்தான். விபத்தின்போது கூடவே லாரியில் உட்கார்ந்திருந்த விக்ரம் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும். "மச்சி, எனக்கு இன்னும் சர்வீஸ் கீது" என்று சொல்லி போனை வைத்தவன், அதற்குப்பின் எடுக்கவே இல்லை.

அம்பத்தூரில் செல்போன் கடை மாடியில் வக்கீல் கிருஷ்ணப்பிரியாவின் அலுவலகம். ராணுவத் தீர்ப்பாயத்தில் இந்த மாதிரி வழக்குகளையே நடத்துகிறவள். மருத்துவக் குழுவின் காகிதங்களைக் கேட்டு வாங்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. பங்குனி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட, நாகேந்திரன் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க சேரும்போது உடம்பு நல்லா இருக்குன்னு அவங்களே பரிசோதிச்சுதான் எடுத்திருக்காங்க. அப்புறம் வர்ற வியாதிக்கு வேலைதான் காரணம்னு சட்டம் நம்ம பக்கம் நிக்கும். அது இல்லன்னு அவங்கதான் காரணம் காட்டணும்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "காட்டிட்டாங்க. காரணத்த உங்க வீட்டு ஆளே எடுத்துக் குடுத்திருக்காங்க."

"எங்க ஊட்லயா?"

"வலிப்பு வந்து நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போது பார்க்க வந்த சொந்தக்காரர் சொன்னதா இருக்கு. குடும்பத்துல ரெண்டு தலைமுறையா வலிப்பு உண்டுன்னு. பேர் எழுதல. யார் வந்தாங்க உங்களப் பார்க்க?"

"எங்கம்மாவும் என் மச்சானும் வந்தாங்க மேடம். எங்க ஊட்ல யாருக்குமே வலிப்பு கெடயாது."

"அப்போ யாரோ பொய் சொல்லியிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிங்க. அத உடைக்காம இந்த வழக்கு நகராது."

படியிறங்கி வரும்போதே அவனுக்கு முடிவாகிவிட்டது. அம்மா குப்பம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. ரயிலில் கூட்டிவந்தவன் விஜய். அங்கே வார்டில் எல்லாரோடும் அரைகுறை இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவன் விஜய். தனக்குக் கிடைக்காத வேலை இவனுக்கு மட்டும் எதற்கு என்று எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தானோ! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்து சாட்சி சொல்லின. கல்யாணத்தில் விஜய் யூனிஃபார்மைத் தொட்டுப் பார்த்தது. குடித்த ஒருநாளில், நீ போன வேலைக்கு நான் போயிருக்கணும்டா என்று சொன்னது. எல்லாவற்றுக்கும் இப்போது வேறு அர்த்தம் தெரிந்தது.

விஜய் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஆஸ்பத்திரில டாக்டராண்ட இன்னா சொன்ன?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"தெர்யாத மாரி கேக்காத. எங்க குடும்பத்துக்கே வலிப்புன்னு யாரு சொன்னது?"

விஜய் குழாயை மூடினான்.

"உனக்கு நெனவு இல்லாத கெடந்தப்போ உன் மூத்திரத் துணிய அலசிப் போட்டவன்டா நானு. அங்க வார்டு பையனுங்க தொடமாட்டேன்னுட்டானுங்க. என்னப் பாத்து கேக்கற நீ?"

"பதில் சொல்லு."

"சொல்ல மாட்டேன். நாளைலேர்ந்து வண்டியாண்ட வராத."

அன்று சாயங்காலமே ஷர்மிளாவுக்குச் சேதி போய்விட்டது. சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. "எங்கண்ணன் சொல்லியிருந்தா நானே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். சொல்லலன்னு தெரிஞ்சா நீ இன்னா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டாள். மகள் சுவேதாவைத் தூக்கிக்கொண்டு, திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

குப்பம்மா பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒப்பந்தக் கூலியாகப் பெருக்குகிறவள். கணவன் வேம்புலி இறந்துபோனபிறகு அந்த விளக்குமாறுதான் நாகேந்திரனைப் படிக்கவைத்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால் வீட்டில் பேத்தியையும் காணோம், மருமகளையும் காணோம். மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா அவங்க?"

"அவ அண்ணனாண்ட போய்ட்டா. போவட்டும். துரோகி குடும்பம்." வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னான். விஜய்யை வாய்க்கு வந்தபடி ஏசினான். அவன் ஏசி முடிக்கும்வரை குப்பம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள்.

"அவன ஏன்டா திட்ற? அவன் டீ வாங்கப் போயிருந்தான். நான்தான் சொன்னேன்."

நாகேந்திரன் திரும்பிப் பார்த்தான்.

"டாக்டரு வந்தாரு. கூட தமிழ் தெரிஞ்ச பையன் ஒர்த்தன் வந்தான். இந்த மாரி கையும் காலும் வெட்டிகினு இழுக்கிறது உங்க ஊட்ல வேற யாருக்குனா வருமான்னு கேட்டான். எனக்கு வரும், எங்க மாமியாருக்கும் வரும்னு சொன்னேன். பம்ப சத்தம் கேட்டாலே வந்துரும், கீய வுய்ந்து இழுக்கும், அப்பால ஒண்ணும் நெனப்பு இருக்காதுன்னு சொன்னேன்."

"எம்மா, அது சாமிம்மா!"

"அதத்தான்டா சொன்னேன். ஆத்தா வர்றான்னு சொன்னேன். அவன் எதுனா எயுதிகினானா, எயுதலயா, எனக்கு இன்னா தெரியும்?"

"ஏன் சொன்ன? உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"பக்கத்துக் கட்டில்காரன் பொண்டாட்டி அழுதுகினு இருந்தா. நோவுன்னு எயுதிட்டா வேலைய வுட்டு ஊட்டுக்கு அனுப்பிருவாங்கன்னா. ஆத்தா வர்றது நோவு இல்லியே. அப்ப உன்ன அனுப்ப மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன் நைனா."

பை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவளுக்கு எப்போதும் சட்டென்று அழுகை வராது. அன்றைக்கு வந்தது. நாகேந்திரனுக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாசலுக்குப் போய் நின்றான்.

மறுநாள் திருவேற்காட்டுக்குப் போய் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டான். ஷர்மிளாவும் குழந்தையும் திரும்பி வந்தார்கள். தண்ணீர் கேன் வீட்டு வாசலுக்கு ஒழுங்காக வந்தது. ஆனால் விஜய் அதை இறக்கி வைத்துவிட்டு ஹாரன் அடிப்பான், உள்ளே வரமாட்டான். நாகேந்திரன் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் மூட்டை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே மாத்திரையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

வக்கீலிடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். விஷயத்தைக் கேட்டதும் கிருஷ்ணப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"சாமி வர்றத வலிப்புன்னு எழுதிட்டாங்களா? நல்லது. அம்மாவுக்கு வலிப்பு இல்லன்னு நரம்பு டாக்டர்கிட்ட சான்று வாங்குங்க. அம்மாவோட வாக்குமூலமும் சேர்த்துப் போடலாம். பரம்பரைங்கிற பேச்சே அடிபட்டுப் போயிடும்." பேனாவை மூடிவிட்டுக் குப்பம்மாவைப் பார்த்தாள். "டாக்டர் ஒண்ணு கேப்பாரும்மா. அது வரும்போது நினைவு இருக்குமா இருக்காதான்னு. உள்ளதச் சொல்லுங்க."

"நெனப்பு இருக்காது மேடம்."

வக்கீல் மூடிய பேனாவைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ் ஒன்று ஆள் ஏற்ற நின்றிருந்தது.

"நினைவு இல்லாம விழுந்து கைகால் இழுக்கும்னு சொன்னீங்கன்னா, எந்த டாக்டரும் வலிப்பு இல்லன்னு எழுதித் தரமாட்டார். நான் உங்களுக்குப் பொய் சொல்லிக் குடுக்க முடியாது. உங்க வீட்டுல பேசிக்குங்க."

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில் தலையில் எண்ணெய் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஷர்மிளா சீயக்காய் போட்டு மாமியாரின் தலையை அலசிவிட்டாள். மூன்று பேரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. நாகேந்திரன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எம்மா, நெனப்பு இருக்கும்னு சொல்லிடும்மா."

"அப்ப நான் இத்தினி வருசமா வேசம் கட்டிகினு ஆடறேன்னு ஆவுதேடா."

ஷர்மிளா அவன் தொடையில் கிள்ளினாள், வேண்டாம் விடு என்பது போல.

"ஆத்தாவாண்ட புள்ள வரம் கேட்டுகினு வர்றாளுங்க. புருசன் குடிக்கறான்னு அழுதுகினு வர்றாளுங்க. அவளுங்களுக்கெல்லாம் நானா கத கட்டிச் சொன்னேன்னு ஆவுதேடா." அப்புறம் அவளே கேட்டாள். "சொன்னா உனக்கு பென்சன் வருமா?"

"வரும்னுதான் மேடம் சொல்றாங்க. மாத்திரையும் அங்கியே குடுப்பாங்க. இப்ப வாங்கற மாத்திரய நான் பாதிநாள் போடறதே இல்ல. உனக்குத் தெரியாது."

ஷர்மிளா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் அது தெரியாது.

தலையெல்லாம் ஒயர் ஒட்டி குப்பம்மாவைப் படுக்கவைத்துப் பரிசோதனை எடுத்தார்கள். அதில் கோளாறு எதுவும் தெரியவில்லை. இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர். எதிரே நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார்.

"சாமி வரும்போது சுத்தி நடக்கறது தெரியுமா உங்களுக்கு?"

ஈரம் காயாத முடியைக் குப்பம்மா கொண்டையாக முடிந்தாள். மறுபடி அவிழ்த்தாள். நாகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுங்க. எல்லாம் நல்லா தெரியும்."

"கீழ விழறது, கைகால் இழுக்கறது?"

"நானா வுயறதுதாங்க."

"வேணும்னேவா?"

"ஆமாங்க. வேணும்னேதான். எல்லாம் நடிப்புங்க."

டாக்டர் நடிப்பா என்று கேட்கவே இல்லை. அந்தச் சொல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள். வெளியே வந்து நடைபாதைக் குழாயில் முகம் கழுவினாள். வாயையும் ரொம்ப நேரம் கொப்பளித்தாள்.

வாக்குமூலத்தில் குப்பம்மா கைநாட்டு வைக்கவில்லை, எழுத்துக் கூட்டிக் கையெழுத்தே போட்டாள். வலிப்பு இல்லை என்று டாக்டர் கொடுத்த சான்றோடு அது தீர்ப்பாயத்தில் தாக்கலானது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைச் சரிபார்க்க அவகாசம் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். வழக்கு ஆவணிக்குத் தள்ளிப்போனது.

"சரிபார்க்கிறதுன்னா எப்டி மேடம்?" என்று போனில் கேட்டான் நாகேந்திரன்.

"அக்கம்பக்கத்துல விசாரிக்கலாம். விசாரிக்காமலும் விடலாம். ஆனா அம்மா ஆடறத, விழறத யாராவது போன்ல எடுத்து அவங்க கையில குடுத்துட்டா, நம்ம சான்றுக்கு மதிப்பில்ல. அத மட்டும் பார்த்துக்குங்க."

அந்தப் பேச்சுக்குப்பின் அவனுக்கு யாரையும் நம்ப முடியவில்லை. டீக்கடையில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தால், யார் என்று கடைக்காரரிடம் துருவினான். தெருவின் பெயர் கேட்டு பைக்கில் வந்தவனை இது அந்தத் தெரு இல்லை என்று வேறு பக்கம் அனுப்பிவிட்டான். அவன் மகளிர் குழுக் கடன் வசூலிக்க வந்தவன் என்று அப்புறம் தெரிந்தது. எதிர்வீட்டுச் சரவணக்குமார் மாடியில் நின்று எந்நேரமும் போனை நீட்டிக்கொண்டிருப்பான். அவன் ஏரியில் இறங்கும் பறவைகளைப் படமெடுக்கிறவன், தெருவுக்கே அது தெரியும். அவனையும் நாகேந்திரன் நம்பவில்லை. தண்ணீர் கேன் இறக்க வரும் விஜய்யின் சட்டைப்பையில் போன் எட்டிப் பார்த்தாலும் மனசு திக்கென்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் அவனைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வைகாசியும் ஆனியும் போய் ஆடி வந்தது. ஒலிபெருக்கி கட்டினார்கள். வேப்பிலைத் தோரணம் தெருமுனையிலிருந்து அம்மன் கோயில்வரை போனது. முழங்கால் வலி, இந்த வருசம் ஆட முடியாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் குப்பம்மா சொன்னாள். "நீயா ஆடற? அவ ஆட வெக்கறா. முட்டிய அவ பாத்துக்க மாட்டாளா?" என்று கேட்டாள் பார்வதம். பத்து வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, குப்பம்மா வாயால் குறி கேட்டு, பெண் குழந்தை பெற்றவள் அவள். குப்பம்மா சிரித்து மழுப்பினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அவளைத் திருவேற்காட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றான் நாகேந்திரன். ஆடியில் திருவேற்காட்டில் மட்டும் பம்பை அடிக்காமலா இருப்பார்கள் என்றாள் ஷர்மிளா. எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் ஆடிதான். கடைசியில் குப்பம்மாவே சொன்னாள். "என்ன உள்ள வெச்சி வெளிய பூட்டிடு. ஜன்னல சாத்திடு. டிவிய சத்தமா வையி."

மத்தியானம் கரகம் கிளம்பியது. ஷர்மிளா சுவேதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றாள், நாங்களும் இருக்கிறோம் என்று காட்ட. நாகேந்திரன் பூட்டிய கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பம்பையும் உடுக்கையும் தெருமுனை திரும்பியபோதே உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அதையும் மீறி, தரையில் பாதம் அறைகிற சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி வந்தது.

வருசா வருசம் கரகம் குப்பம்மா வீட்டு வாசலில் நிற்கும். அவள் ஆடி, மஞ்சத்தண்ணி வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகரும். இன்றும் நின்றது.

"குப்பம்மா! ஆத்தா வாசல்ல வந்து நிக்கறா, வெளிய வா!" என்றாள் பார்வதம்.

"அம்மா இல்ல. ஊருக்குப் போயிருக்குது," என்றான் நாகேந்திரன்.

பம்பைக்காரர் கையை நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து குலவை போல ஒரு குரல் எழும்பிப் பாதியில் துணியால் அடைத்தது போல நின்றுபோனது. கூட்டம் முழுக்க அதைக் கேட்டது. பார்வதம் பூட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். எதிர்மாடியில் சரவணக்குமார் போனை நீட்டியிருந்தான். கரகத்தை எடுக்கிறானா, கதவை எடுக்கிறானா என்று தெரியவில்லை. நாகேந்திரன் எழுந்து பூட்டை முதுகால் மறைத்துக்கொண்டு, பட்டாளத்தில் நின்றது போல விறைப்பாக நின்றான்.

"பெத்தவள பூட்டி வெச்சிட்டு இல்லேன்ற. நல்லா இருப்பியாடா நீ?" என்றாள் பார்வதம்.

அவள் குடத்து மஞ்சத்தண்ணியை வாசல்படியில் அப்படியே கவிழ்த்தாள். அது அவன் காலை நனைத்துக்கொண்டு கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. கரகம் நகர்ந்தது. சத்தம் அடுத்த தெருவுக்குப் போய்த் தேயும்வரை காத்திருந்து, நாலாபக்கமும் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தான். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டான்.

குப்பம்மா இரும்புக் கட்டிலின் காலோடு தன்னைச் சேர்த்துப் புடவையால் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள். வாயில் தலைப்பைத் திணித்திருந்தாள். உதடு கிழிந்து துணியில் ரத்தம் தோய்ந்திருந்தது. கை இன்னும் உதறிக்கொண்டிருந்தது. மஞ்சத்தண்ணி ஓடிவந்து அவள் முதுகுக்கடியில் தேங்கியிருந்தது. அவன் மண்டியிட்டு முடிச்சில் கை வைத்தான். அவள் இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகி நகத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. துணியை வாயிலிருந்து எடுத்ததும் அவள் கண் திறந்து அவன் யாரென்று அடையாளம் தேடினாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"யாரும் பாக்கலியே, நைனா?"